தழைத்தலும் பிடித்தலும்

வட்டுக்கோட்டையிலே, பனங்கூடலொன்றை அடுத்திருந்த வீட்டின் விறாந்தையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சியை நடத்தியவன் யான். ஆங்கில வாக்கியம் எளியது. வறண்ட நிலத்திலும் பனை நன்கு வளரும் என்பதே அதன் கருத்து. 'த்ரைவ்' என்னும் வினைச்சொல் அதில் வந்திருந்தது. மாணவன் சற்றும் தயங்காது, "இவ்வறண்ட நிலத்திலும் பனை செழிக்கிறது" என்று எழுதிவிட்டான். பிழையொன்றும் இல்லை. அகராதி தரும் பொருள் அது. பரீட்சகரும் புள்ளி வழங்குவார்.

ஆயினும் வாசித்துப் பார்த்தபோது, வாக்கியம் எங்கேயோ நொண்டியது. அயலில் சாய்மனைக் கதிரையில் கிடந்த அவனுடைய பாட்டனார், தோட்டஞ் செய்து வயது போனவர், கண்ணைத் திறவாமலே சொன்னார்: "பனை எங்கையடா செழிக்கிறது? வாழை செழிக்கும், நெல்லுச் செழிக்கும். பனை பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்குது!"

அன்றிரவு யான் சொற்பிறப்பு நூல்களைப் புரட்டினேன். ஆங்கிலம் அறியாத அம்முதியவர் ஆங்கிலச் சொல்லொன்றின் வேரைத் தொட்டுவிட்டார் என்பதை அறிந்தபோது எனக்குண்டான வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

'த்ரைவ்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி வடகடல் தாண்டி வந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியரும் நோர்வேயரும் கொண்டுவந்த பழைய நோர்ஸ் மொழிச் சொல் அது. அம்மொழியில் 'த்ரீஃபா' என்றால் எட்டிப் பிடித்தல், இறுகப் பற்றுதல் என்பது பொருள். அதனோடு, செயல் செய்தவனையே சாரும் என்பதைக் காட்டும் ஒரு விகுதி சேர்ந்து 'த்ரீஃபாஸ்க்' ஆயிற்று. தனக்கெனப் பற்றிக்கொள்ளுதல் என்ற பொருளினின்று, நன்றாக வளர்தல், முன்னேறுதல் என்ற பொருள் கிளைத்தது. 1200ஆம் ஆண்டையொட்டி இச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', அவர்கள் என்னும் 'தே' ஆகியனவும் அதே கடல்வழியே வந்தவை. வந்தேறிகளிடம் நாட்டை இழந்த மக்கள் அவர்களுடைய சொற்களைத் தம் வயப்படுத்திக்கொண்டனர். 'த்ரைவ்' என்ற சொல்லின் வரலாறே அச்சொல்லின் பொருளுக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது.

இனி, நம் வழக்கை நோக்குவோம். வாழைக்கண்டு நட்டவன் சில நாள் கழித்து வந்து பார்க்கிறான், குருத்து நிமிர்ந்திருக்கிறது. "கண்டு பிடிச்சிட்டுது" என்கிறான். கன்றைக் 'கண்டு' என்பது யாழ்ப்பாண வழக்கு. எதைப் பிடித்தது? மண்ணைப் பிடித்தது. இன்னும் இலை விரியவில்லை, குலை தள்ளவில்லை, செழுமை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் இனி அது சாகாது என்ற உறுதி அவ்வொரு சொல்லில் இருக்கிறது. நோர்ஸ் மொழியினர் கண்ட அதே காட்சியை, அவர்களைக் கேள்விப்பட்டே அறியாத நம் தோட்டக்காரரும் கண்டிருக்கின்றனர். இதனால் இரு மொழிக்கும் உறவு கற்பிக்கப் புகுவது பேதைமை. ஒரே வகையான அனுபவம் ஒரே வகையான சொல்லாட்சியை இருவேறு இடங்களிற் பிறப்பித்தது என்ற மட்டிலே கொள்ளுதல் தகும்.

அந்த அனுபவம் யாது? ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறொன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. அராலிப் பக்கமாகக் கடனீரேரியிற் சேரும் வழுக்கியாறும் மாரி காலத்து ஆறே. அடியிற் சுண்ணாம்புக் கல். மேலே சிறிது மண். துலா மிதித்து இறைத்த நீரிலே புகையிலையும் வெங்காயமும் விளைவித்த குடியானவனுக்கு வளம் என்பது கிடைக்கும் பொருளாக இருந்ததில்லை. பிடித்து வைத்திருக்க வேண்டிய பொருளாகவே இருந்தது. 'செழிப்பு' என்னும் சொல்லிலோ மருத நிலத்தின் ஈரம் இருக்கிறது. அதனைக் கேட்ட மாத்திரத்தில் வாய்க்காலும் வரம்பும் கண்முன் தோன்றும். அதனால்தான் பனைக்கு அச்சொல் பொருந்தாமற் போயிற்று.

'த்ரைவ்' என்னும் சொல்லுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. சிக்கனத்தைக் குறிக்கும் 'த்ரிஃப்ட்' என்பதே அது. இரண்டும் ஒரே வேரிற் பிறந்தவை. முற்காலத்தில் 'த்ரிஃப்ட்' என்றாலும் நல்வாழ்வு, ஆக்கம் என்றே பொருள். பதினாறாம் நூற்றாண்டளவிலேதான் அது செட்டு, சிக்கனம் என்ற பொருளில் நிலைபெற்றது. ஊதாரியை ஆங்கிலேயர் 'ஸ்பெண்ட்த்ரிஃப்ட்' என்பர். தன் ஆக்கத்தையெல்லாம் செலவழித்தவன் என்பது அதன் உட்கிடை. பாறையும் உப்புக்காற்றும் மிகுந்த கடற்கரைகளிற் பற்றி வளரும் சிறு செடியொன்றுக்கும் அவர்கள் 'த்ரிஃப்ட்' என்றே பெயரிட்டனர். 1937 முதல் வெளிவந்த பன்னிரு பக்க மூன்று பென்னி நாணயத்தில் அச்செடியின் உருவமே பொறிக்கப்பட்டது. சேமிப்புக்கும் செடிக்கும் பெயர் ஒன்றாயிருந்தமை அந்நாணயத்துக்கு வாய்த்த சிலேடை.

நம்முடைய 'சிக்கனம்' எங்கிருந்து வந்தது? சிக்கெனப் பிடித்தல் என்னும் வழக்கைத் திருவாசகம் ஓதுவோர் நன்கறிவர். சிக்கென என்றால் இறுக, உறுதியாக என்பது பொருள். அவ்விறுக்கமே பொருட்செலவிற் புகுந்து சிக்கனம் ஆயிற்று. அங்கும் பற்றுதல், இங்கும் பற்றுதல். யாழ்ப்பாணத்தாரின் செட்டைப் பிறர் எள்ளி நகையாடுவதுண்டு. கல்லைப் பற்றி நிற்கும் பனையை யாரும் உலோபி என்று சொல்லுவதில்லை. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்ற பழமொழியின் முற்பாதி 'த்ரிஃப்ட்' ஆகும். பிற்பாதி 'த்ரைவ்' ஆகும். வகுப்பறையிலே முன்னதற்குச் சிக்கனம் என்றும் பின்னதற்குச் செழித்தல் என்றும் வெவ்வேறு நாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மாணவன் அறிவதேயில்லை.

'ஃபிளரிஷ்' என்ற சொல்லையும் நாம் இதனோடு சேர்த்துச் செழித்தல் என்றே எழுதுகிறோம். அதன் குலமோ வேறு. பூவைக் குறிக்கும் 'ஃபுளோஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது அது. பூத்தலே அதன் முதற்பொருள். பூ கண்ணைக் கவர்வது. ஆகவே அச்சொல் வாளை வீசிக் காட்டுவதற்கும், கையெழுத்தின் கடைசியில் இழுக்கும் அலங்காரக் கோட்டிற்கும், எக்காள முழக்கத்திற்கும் பெயராயிற்று. பிறப்பும் இறப்பும் அறியப்படாத புலவர் ஒருவர் இன்ன காலத்தவர் என்று குறிக்க வேண்டுமிடத்து, மேனாட்டார் 'பூத்திருந்தார்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சுருக்கி எழுதுவர். நாமோ அவ்விடத்தில் "விளங்கினார்" என்கிறோம். அவர்கள் பூவைக் கண்ட இடத்தில் நாம் விளக்கைக் கண்டோம். யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1886இல் வெளியிட்டபோது, 'பாவலர் சரித்திர தீபகம்' என்றே பெயர் வைத்தார். பாவலர் விளங்குவர் என்றால் அவர்தம் சரித்திரம் தீபகமாதல் முறைதானே!

மூன்றாவது சொல் 'பிராஸ்பர்' என்பது. எண்ணியபடியே நிறைவேறுதல், நம்பிக்கைக்கு ஒத்து வருதல் என்ற கருத்துடைய இலத்தீன் தொடரினின்று அது பிறந்ததென்பர். ஆக, ஒன்று பற்றுதல், ஒன்று பூத்தல், ஒன்று எண்ணம் கைகூடுதல். மூன்றுக்கும் செழித்தல் என்ற ஒரே விடையை எழுதிவைப்பது, வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாக முடிகிறது. பழமொழிக்கு ஊர் கொடுத்தவர்கள் நாங்கள். அக்குற்றத்தை முதலில் நாங்களே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

தமிழிற் சொல்லுக்குப் பஞ்சமா? தழைத்தல் இலையைக் காட்டும். துளிர்த்தல் பட்டதென்று எண்ணிய மரம் மீண்டும் உயிர்ப்பதைக் காட்டும். ஓங்குதல் உயரத்தையும், மல்குதல் நிறைதலையும், கொழித்தல் மிகுதியையும், பெருகுதல் நீரையும் நினைப்பூட்டும். பொலிதல் களத்து மேட்டு நெற்குவியலோடு சேர்ந்தது. பொலி பொலி என்று சொல்லியே சூடடித்தவர் நம் முன்னோர். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாழ்தல் என்னும் சொல்லே நமக்கு நல்வாழ்வையும் குறிக்கின்றது. "வாழ்ந்து கெட்ட குடும்பம்" என்று சொல்லுகிறோம். அக்குடும்பத்தார் இன்றும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் வாழ்ந்தது முன்பு. உயிரோடிருத்தல் வேறு, வாழ்தல் வேறு என்ற நுட்பத்தை ஒற்றைச் சொல்லுக்குள்ளே வைத்த மொழி இது.

மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அறுகையும் மூங்கிலையும் உவமை காட்டும் மரபை யாவரும் அறிவர். ஆல், பரந்து தழைப்பதற்கு. அறுகு, வேர் ஊன்றுவதற்கு. மூங்கில், கிளை சூழ நெருங்கி நிற்பதற்கு. வாழ்வு ஒரே வகையான வளர்ச்சி அன்று என்பதை உணர்ந்தே மூன்று தாவரங்களை எடுத்தனர். இந்நுண்ணுணர்வு படைத்தவரின் பேரப்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் செழித்தல் என்று எழுதிப் புள்ளி பெறுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. இன்று 'த்ரைவ்' என்னும் ஆங்கிலேயன் பிடித்தலை நினைப்பதில்லையே என்று கேட்கலாம். தடை நியாயமானதே. வேரைக் கொண்டு மட்டும் பொருளைத் துணிவது பிழை என்பதை யானும் ஒப்புகிறேன். ஆயின், வேர் மறைந்தபின்பும் அதன் சாய்வு சொல்லில் எஞ்சி நிற்பதுண்டு. துன்பத்தை உண்டு வளர்பவனைப் பற்றிச் சொல்லுமிடத்து ஆங்கிலேயன் இயல்பாக எடுப்பது 'த்ரைவ்' என்பதையே. கலைகளும் நாகரிகங்களும் உச்சம் பெற்ற காலத்தைச் சொல்லுமிடத்து 'ஃபிளரிஷ்' என்கிறான். மொழிபெயர்ப்போன் அச்சாய்வைக் கேட்கத் தெரிந்தவனாதல் வேண்டும். அதற்குக் காது பழக்கும் வழிகளுள் சொற்பிறப்பு ஒன்று.

இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை வட்டுக்கோட்டையின் வரலாறே விளக்கும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இங்கே ஓர் உயர்கல்விச் செமினரியை நிறுவினர். டானியல் பூவர் பாதிரியார் அதன் முதல் அதிபர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் அங்கே பயிற்றப்பட்டன. அதன் கீர்த்தி கடல் கடந்தும் பரவியது. அது பூத்தது என்பதில் ஐயமில்லை; 'ஃபிளரிஷ்' என்பதற்கு அதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைக் காணல் அரிது. ஆனால், ஆங்கிலக் கல்வி பெற்றோர் உத்தியோகத்தை நாடினரேயன்றி மதப்பணிக்கு வந்தவர் சிலரே என்று அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தார் கருதினர். அவர்கள் அனுப்பிய தூதுக்குழுவினர் 1855இல் இங்கு வந்தனர். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டிற் பூ உதிர்ந்தது.

உதிர்ந்த பின்னர் நிகழ்ந்ததையும் பாருங்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக பி.ஏ. பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்றவர் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை ஒருவர், சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். இருவரும் மூடப்பட்ட அச்செமினரியிற் கற்றவர்கள். தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றி, ஏட்டிலே செல்லரித்துக்கொண்டிருந்த தமிழைக் காத்தார். நல்லூரிலிருந்த நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பு, அவர் 1840இல் மறைந்த பின்னர்ப் பலர் கைமாறி, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்சிலோ பாதிரியாரின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியாக 1862இல் சென்னையில் வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கின. 1872இல் செமினரி இருந்த இடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கட்டடமும் கீர்த்தியும் பூத்து உதிர்ந்தன; ஏடு தேடும் பழக்கமும் சொல் தொகுக்கும் பழக்கமும் மண்ணைப் பிடித்துக்கொண்டன. பூத்தது எது, பிடித்தது எது என்று பிரித்தறியாதவன் இவ்வரலாற்றை எழுத முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவனுக்கு அதனைப் பிரித்தறிதல் எளிதுமன்று.

இதனாலேயே, இது வெறும் இலக்கண வேடிக்கை அன்று என்கிறேன். மருத்துவத்திலே, வயதுக்கேற்ற நிறையும் வளர்ச்சியும் பெறாத குழந்தையின் நிலைக்கு 'த்ரைவ்' என்ற சொல்லை வைத்தே ஆங்கிலத்திற் பெயரிட்டிருக்கின்றனர். அதனைச் "செழிக்கத் தவறுதல்" என்று எழுதி ஒரு தாயிடம் கொடுத்தால் அவளுக்கு என்ன விளங்கும்? அவளிடம் அதற்குச் சொல் இருக்கிறது. "பிள்ளை தேறேல்லை" என்பாள். தேறுதல் என்ற அச்சொல்லில் உடல் வளர்ச்சியும் உண்டு, ஆறுதலும் உண்டு. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அத்துணை முயன்றார் என்றால், தாயின் வாயிலுள்ள சொல்லைக் கேட்டு எழுதுதல் நமக்கு அரிய செயலாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்பிக்கும்போது அதற்கு நிகராக ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு அப்பாற் செல்லாதீர்கள். எது வளர்கிறது, எந்த நிலத்தில் வளர்கிறது, எதனைப் பற்றி வளர்கிறது என்று மாணவனைக் கேளுங்கள். வணிகம் பெருகட்டும், கலை மலரட்டும், குடி தழைக்கட்டும், குழந்தை தேறட்டும், பனை பிடித்துக்கொண்டு நிற்கட்டும். விடைத்தாளில் இவ்வைந்துக்கும் ஒரே புள்ளிதான் கிடைக்கும். ஆனால் ஐந்தையும் எழுதத் தெரிந்த மாணவனுக்கு இரண்டு மொழிகளும் கைவசப்படும்.

இச்சொல்லின் கதையிலே கடைசியாக ஒரு செய்தி உண்டு. பழைய நோர்ஸ் மொழியின் வழிவந்த இன்றைய நோர்வே மொழியில் இதே சொல் 'த்ரீவெஸ்' என்று வழங்குகிறது. செடியின் வளர்ச்சியைக் குறிப்பதோடு, ஓரிடத்தில் மனம் பொருந்தி மகிழ்ச்சியாக இருத்தலையும் அது குறிக்கும். புதிதாக வந்த ஒருவரை, இங்கே உமக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்க விரும்பும் நோர்வேயர் இச்சொல்லைக் கொண்டே கேட்பர். 1983க்குப் பின்னர் இக்குடாநாட்டிலிருந்து சென்ற பல்லாயிரவர் அந்நாட்டில் வாழ்கின்றனர். பனியிலே நின்று அவர்கள் அக்கேள்வியைக் கேட்டிருப்பர். அதே வேளையில் ஊரிலிருந்து தொலைபேசியில் தாய் கேட்டிருப்பாள்: "அங்கை உனக்குப் பிடிச்சிருக்கோ, மேனை?"

இரண்டும் ஒரே கேள்வி. பிடித்தல் என்றால் பற்றுதல். பிடித்தல் என்றால் விரும்புதல். பற்று என்ற சொல்லும் அப்படியே. கைப்பற்று, மொழிப்பற்று, ஊர்ப்பற்று என எல்லாம் ஒரு வேரின. கண்டு மண்ணைப் பிடித்ததா என்பதும், மகனுக்கு அவ்வூர் பிடித்ததா என்பதும் தமிழில் ஒரே சொல்லாற் கேட்கப்படுகின்றன; அவன் போய்ச் சேர்ந்த நாட்டின் மொழியிலும் அப்படியே. அவனுடைய பிள்ளைகளுக்கு இவ்விரு கேள்விகளும் விளங்குமா என்பதே நாம் இன்று கவலைகொள்ள வேண்டிய காரியம். தமிழ் அங்கே செழிக்காமற் போகலாம். கீர்த்தியோடு பூக்காமலும் போகலாம். கல்லைப் பிடித்த பனைபோலப் பிடித்துக்கொண்டு நிற்குமாயின் அதுவே போதும்.

மறுவாரம் அம்மாணவன் வாக்கியத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். "இவ்வறண்ட நிலத்தையும் பற்றிப் பனை வாழ்கிறது" என்று இருந்தது. பாட்டனாருக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பதான் பனை" என்றார்.